பிரித்து நட்ட தாடி ஐரிஸ் மக்கர் செய்தால்: குளிர்நாட்டுத் தோட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

தாடி ஐரிஸ், கீழிதழ்களில் தாடி போன்ற மயிர்வரி கொண்ட, கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி. அதன் கொத்தைப் பிரித்து நட்ட பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் பிறக்கின்றன: நட்ட தேதி, நட்ட ஆழம். இந்த இரண்டையும் சரிபார்க்காமல் மருந்துப் புட்டியைத் தேடிப் போவதில் பயனில்லை. கீழே வரும் மாதக் கணக்கு வட அரைக்கோளத்துக்கானது. குளிர்காலத்தில் மண் உறைந்துவிடும் இடங்களுக்காக எழுதப்பட்டது.

அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். கிழங்கின் மேலுள்ள மண்ணை விரலால் ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு அந்த விரலை முகர்ந்து பாருங்கள். கெட்டியாக இருந்தால் கிழங்கு நலம். கோளாறு வேரிலோ ஆழத்திலோ வெயிலிலோ இருக்கிறது. கொழகொழவென்று அமுங்கி நாற்றமடித்தால் பாக்டீரியா அழுகல். தோல் மட்டும் நின்று உள்ளே பொள்ளலாக இருந்தால் புழு. நாற்றமே இல்லாமல் தக்கை மாதிரி உலர்ந்து, மேலே சாம்பல் நிறப் பூசணமும் சுருக்கம் விழுந்த கருப்புக் கட்டிகளும் இருந்தால் பொட்ரைடிஸ் பூஞ்சை. இலையே இல்லாமல் லேசாகிக் கிடப்பது பூத்து முடிந்த பழைய கிழங்கு. அது நோயல்ல.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

நட்ட முதல் ஆண்டிலேயே இந்தப் புகார் என்றால் பொறுத்திருங்கள். அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு, கோடை இறுதியிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் விசிறிக்குள்ளேயே, அதாவது கிழங்கின் நுனியில் விசிறி போல விரிந்து நிற்கும் இலைக்கொத்துக்குள்ளேயே, உருவாகிவிடுகிறது. அதற்குள் கிழங்கு வேர்பிடித்திருக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் நட்ட கிழங்கு தன் சக்தியை எல்லாம் வேருக்கே செலவழித்துவிடும். மறு கோடையில் இலையைத்தான் காட்டும். சுண்டுவிரல் பருமனே உள்ள துண்டாக இருந்தால் இரண்டு ஆண்டும் ஆகலாம்.

மூன்று, நான்கு ஆண்டு நன்றாகப் பூத்துவிட்டுப் பிறகு நின்றுபோன கொத்து என்றால் காரணம் நெரிசல். ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். பூத்தது அப்படியே தங்கிவிட, அதன் பக்கங்களில் வந்த இளங்கிழங்குகள்தான் அடுத்துப் பூக்கின்றன. காலப்போக்கில் கொத்தின் நடுவில் பூத்து ஓய்ந்தவையே குவிந்து, இளசுகள் வெளிவட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இதற்கு உரம் போட்டுப் பிரயோஜனமில்லை, பிரித்தே ஆக வேண்டும்.

நெரிசலும் இல்லையா? ஆழத்தைப் பாருங்கள். கிழங்கின் முதுகு வெயிலைப் பார்க்க வேண்டும். நட்டபோது சரியாக இருந்தாலும், ஆண்டுதோறும் போடும் கம்போஸ்டும் மரத்தூள் மூடாக்கும் சேர்ந்து மூன்று, நான்கு செ.மீ. மூடிவிடுவதுண்டு. வசந்தத்தில் இதைக் கண்டால் தோண்ட வேண்டாம். முதுகின் மேலுள்ளதை மட்டும் கையால் வழித்துவிட்டால் போதும். ஐந்து செ.மீ.க்கும் கீழே கிடந்தால் ஜூலை வரை விட்டுவைத்து, பிறகு எடுத்து நடுங்கள். பக்கத்துச் செடி சாய்ந்து கிழங்கின்மேல் நிழல் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும், எட்டு கிடைத்தால் நல்லது. எட்டு, பத்து ஆண்டுக்கு முன் வெயிலாக இருந்த பாத்தி மரம் வளர்ந்ததால் இன்று அரைநிழலாகியிருக்கலாம். இலைகள் கரும்பச்சையாக, நீண்டு, பாதியில் மடிந்து தொங்கினால் தழைச்சத்து மிகுதி. பெரும்பாலும் பக்கத்துப் புல்வெளிக்குப் போட்ட உரம்தான் கசிந்து வந்திருக்கும். ஐரிஸுக்கு 5-10-10 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) போலத் தழைச்சத்து குறைந்த உரம் ஒரு கொத்துக்கு ஒரு சிறு கைப்பிடி போதும். வசந்தத் தொடக்கத்தில் ஒரு முறை, பூத்து ஒரு மாதம் கழித்து ஒரு முறை. கிழங்கின்மேல் விழாமல் சுற்றிலும் தூவிக் கிளறிவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பூக்கவில்லை என்றால், மே மாதத்தில் கடும் உறைபனி விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். விசிறிக்குள் ஏறிக்கொண்டிருந்த பூந்தண்டு வெளியே தெரியாமலேயே கருகியிருக்கும். அந்த விசிறியைக் கவனமாகப் பிரித்துப் பாருங்கள்; செத்த தண்டு அங்கேயே அழுகத் தொடங்கி, அழுகல் கிழங்குக்கு இறங்கும். இழுத்தால் சுலபமாக வரும் இலைகளையும் தண்டையும் எடுத்துவிட்டால் மீதி பிழைக்கும்.

விசிறி சாய்கிறது, நடு இலை மஞ்சளாகிறது, நாற்றம்

நடு இலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் அடியில் ஈரக்கூழுடன் கையோடு வந்துவிடும். பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா செய்யும் வேலை இது. இது நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை, காயம் வேண்டும். புழு போட்ட துளை, களைக்கொத்தி பட்ட வெட்டு, உறைபனியில் செத்த தண்டு, ஆறாமல் நட்ட கத்திவெட்டு, இவற்றில் ஒன்றுதான் வாசல். அந்த வாசலைக் கண்டுபிடிக்காமல் பிளீச் ஊற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் வரும்.

கொத்து முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. இரண்டு, மூன்று நாள் மழை இல்லாத நேரமாகப் பாருங்கள். கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணை ஒதுக்கி, பழைய கரண்டி ஒன்றால் கூழான பகுதியைச் சுரண்டி எடுங்கள். கத்தியைவிடக் கரண்டி நல்லது. மெத்தென்றிருப்பது கரண்டிக்கு வரும், கெட்டியானது வராது. எங்கே நிறுத்துவது என்று கைக்கே தெரிந்துவிடும். வெளிர் கிரீம் நிறச் சதை எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். ஓர் ஓரத்தில் பழுப்புக்கோடு விட்டாலும் அங்கிருந்து மீண்டும் கிளம்பும். ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்தக் காயத்தின்மேல் ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேறெந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் இதனுடன் கலக்காதீர்கள். பிறகு மண் போட்டு மூடாமல் வெயில் பட விடுங்கள். நாலைந்து நாளில் காயத்தின்மேல் காய்ந்த பொருக்கு கட்டிவிடும்.

பாதிக்கு மேல் போய்விட்டிருந்தால் தோண்டி எடுத்து, நல்ல பகுதியை மட்டும் வெட்டி, அதே பிளீச் கரைசலில் பத்து நிமிடம் போட்டு, காற்றோட்டமான நிழலில் இரண்டு, மூன்று நாள் உலர்த்தி வேறிடத்தில் நடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் விடுபவர்கள்தான் ஒரு கிழங்கின் அழுகலை ஒரு பாத்திக்கே பரப்புகிறார்கள். சுரண்டியது குப்பைக்குப் போகட்டும், கம்போஸ்ட் குழிக்கு வேண்டாம்.

அதே பாத்தியில் அடுத்த ஆண்டும் வந்தால் வடிகால் சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் விட்டு, அது வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் நாலைந்து மணி நேரம் கழித்தும் நின்றால் அந்த மண் ஐரிஸுக்கு ஆகாது; 15 முதல் 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி கட்டுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலப்பது பலரும் செய்யும் வைத்தியம். அது இறுகிப்போய் முன்பைவிட மோசமாகும். நன்றாக மட்கிய கம்போஸ்டை 25 செ.மீ. ஆழம் வரை கலந்துவிடுவதுதான் களியை உடைக்கும்.

சாம்பல் பூசண வகை அழுகல் குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் வரும். குளிர்காலம் முடிந்தும் செடி துளிர்க்கவே துளிர்க்காது. அந்தக் கிழங்கைச் சுரண்டிக் காப்பாற்ற முயல வேண்டாம். கருப்புக் கட்டிகள் மண்ணில் உதிராமல், சுற்றியுள்ள ஒரு கை மண்ணோடு அள்ளி எறிந்துவிடுங்கள்.

இலையில் ஈரக்கோடு, ஓரத்தில் கடித்த தடம்

வசந்தத்தில் இலை 10 முதல் 15 செ.மீ. உயரம் வரும்போது ஊசிக்குத்துத் துளைகளும், அவற்றிலிருந்து கீழே இறங்கும் நீர்க்கோர்த்த கோடுகளும் தெரிந்தால் அது ஐரிஸ் துளைப்பான். வட அமெரிக்காவுக்கே உரிய அந்துப்பூச்சியின் புழு. ஐரோப்பியத் தோட்டங்களில் இலை கடிபட்டிருந்தால் முதலில் நத்தையைச் சந்தேகியுங்கள். பிசுபிசுப்பான வெள்ளித்தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

துளைப்பானுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். அதன் நாட்காட்டியைத் தெரிந்துகொண்டால் மருந்தில்லாமலே பாதி ஒழிந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் அந்துப்பூச்சி பழைய இலைகளிலும் சருகிலும் முட்டையிடும். முட்டை அங்கேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் பொரிந்து, புழு இலைக்குள் புகுந்து கீழே இறங்கும். ஜூலை வாக்கில் கிழங்குக்குள் இருக்கும். ஆகஸ்டில் பக்கத்து மண்ணில் பழுப்புக் கூட்டுப்புழுவாகும். ஆகவே, கடும் உறைபனி விழுந்து இலைகள் துவண்டதும் அத்தனையையும் அறுத்து அப்புறப்படுத்துவது முதல் அடி. சிலர் செப்டம்பரிலேயே அறுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் அடித்தாளில் அதற்குப் பிறகும் முட்டை விழும்.

வசந்தத்தில் ஈரக்கோட்டைக் கண்டால் கோட்டின் கீழ்முனையை இரு விரலால் அழுத்தி நசுக்குங்கள், புழு அங்கேதான் இருக்கும். பாத்தி பெரிதாக இருந்தால் இலை அந்த உயரத்தில் இருக்கும்போதே ஸ்பைனோசாட் என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கலாம். பூக்கும் நேரத்தில் தேனீக்களுக்கு ஆகாது, தெளிக்காதீர்கள். மே, ஜூனில் மண் வெதுவெதுப்பானதும் நன்மை செய்யும் நூற்புழுக்களை மாலை நேரத்தில், ஈரமண்ணில் விடுவதும் உதவும். இவை எதுவும் செய்யவில்லை என்றால் கொத்தைப் பிரிக்கும்போது பிடித்துக்கொள்ளலாம். மரத்தூள் மாதிரி எச்சம் ஒட்டிய துளை தெரிந்தால் கம்பியை விட்டுக் குத்துங்கள், அல்லது அந்த இடத்தை வெட்டித் திறங்கள். நான்கு, ஐந்து செ.மீ. நீளத்தில், வெளிறிய இளஞ்சிவப்பு உடலும் பழுப்புத் தலையுமாக ஒன்று சுருண்டிருக்கும். கொத்தை எடுத்த குழியின் மண்ணையும் ஒரு முறை கிளறி, கூட்டுப்புழு இருந்தால் நசுக்கிவிடுங்கள்.

பனி கரைந்ததும் கிழங்கு மண்ணுக்கு மேலே எகிறி நிற்கிறது

மண்ணில் உள்ள நீர் உறையும்போது கீழிருந்து மேலும் ஈரத்தை இழுத்து அடுக்கடுக்காகப் பனிக்கட்டி கட்டும். அது தடிக்கத் தடிக்க மேல்மண்ணும் கிழங்கும் சேர்ந்து உயரும். கரையும்போது மண் இறங்கிவிடும், கிழங்கு இறங்காது. பகலில் கரைந்து இரவில் உறையும் மார்ச் மாதத்தில் இது தினமும் நடக்கும். ஆழமாக வேர்விட்ட பழைய செடியை அசைக்க முடியாது. தாமதமாக நட்டு அரைகுறையாக வேர்பிடித்ததுதான் எகிறும்.

கண்டவுடன் காலால் மிதித்து அமுக்குவதுதான் கை போகும் முதல் வேலை. செய்யாதீர்கள், மிச்சமிருக்கும் வேரும் அறுந்துவிடும். ஒரு பக்க வேராவது பிடித்திருந்தால், வெளியே தெரியும் வேர்கள் மறையும்படி இரண்டு பக்கமும் மண் அணைத்து, கிழங்கின்மேல் ஒரு தட்டைக்கல்லை நாலைந்து வாரம் வையுங்கள். முழுதாகப் பிடுங்கிக்கொண்டு கிடந்தால் மண் இளகியவுடன் புதிதாக நடுங்கள். அந்த ஆண்டு பூ இராது, ஆனால் செடி தங்கும்.

தடுப்பது சுலபம். முதல் கடும் உறைபனிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக நட்டு முடித்துவிட வேண்டும். முதல் குளிர்காலத்துக்கு மட்டும் மூடாக்கும் போட வேண்டும். எப்போது என்பதில்தான் தவறு நடக்கிறது. மூடாக்கு கிழங்கைக் கதகதப்பாக வைப்பதற்கல்ல, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைப்பதற்கு. மேல்மண் நான்கு, ஐந்து செ.மீ. உறைந்த பிறகே ஊசியிலை மரக்கிளைகளையோ, தளர்வாக 8 முதல் 10 செ.மீ. வைக்கோலையோ பரப்புங்கள். முன்கூட்டியே போட்டால் எலி குடியேறும், ஈரம் தங்கும். அகன்ற மர இலைகளும் வெட்டிய புல்லும் நனைந்து தட்டையாகப் படிந்து அழுகலைக் கூட்டும், அவை வேண்டாம். வசந்தத்தில் பச்சை முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பனி படிந்து கிடக்கும் இடமென்றால் அந்தப் பனியே போதும்.

நட்டு ஒரு மாதமாகியும் ஆடுகிறது

வெளி இலைகள் மஞ்சளாகிக் காய்வது இயல்பு. நடு இலை வளர்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று வாரம் கழித்து விசிறியை மெல்ல இழுத்தால் எதிர்ப்புத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேருக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது, எடுத்து முறையாக நடுங்கள்.

முறை இது. பூத்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள், இலைகளை 15 செ.மீ.க்கு வெட்டுங்கள். கொத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தோட்ட ஃபோர்க்கை இறக்கி நாலு பக்கமும் நெம்பி மொத்தமாகத் தூக்குங்கள். ரகத்தின் பெயரை அழியாத பேனாவால் இலையிலேயே எழுதிவிடுவது நல்லது. சீட்டுகள் கழுவும்போது கலந்துவிடும். மண்ணைக் கழுவினால் இணைப்புகள் தெரியும். குறுகிய கழுத்தில் இஞ்சியை ஒடிப்பது போலக் கையால் ஒடியுங்கள், காயம் சிறிதாகும். கட்டைவிரல் பருமன், 7 முதல் 10 செ.மீ. நீளம், ஒரு விசிறி, உயிருள்ள வேர்கள், இவை இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இலையற்ற தாய்க்கிழங்கைத் தூக்கி எறியுங்கள். வெட்டுவாய் நிழலில் ஒன்றிரண்டு நாள் உலரட்டும்.

30 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்து, நடுவில் மண்ணைக் கரை மாதிரி குவித்து, கரையின் உச்சி தரைமட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கும்படி இறுக்குங்கள். கிழங்கை அதன்மேல் உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கச் சரிவிலும் விரித்து, மண் போட்டு முஷ்டியால் அழுத்துங்கள். இங்கேதான் பலரும் கைகூசுகிறார்கள். தயங்காமல் அழுத்த வேண்டும். களிமண்ணில் முதுகு திறந்தே இருக்கட்டும். மணற்பாங்கான மண்ணில் ஒரு செ.மீ. மூடலாம். உயரமான ரகங்களுக்கு 40 செ.மீ. இடைவெளி, குட்டை ரகங்களுக்கு 15 முதல் 20. மூன்று கிழங்கை முக்கோணமாக வைத்தால் விசிறிகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும், வளர்ச்சி அந்தத் திசையில்தான் போகும். ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மழை இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை, நடு இலை வளரத் தொடங்கும் வரை. அதோடு நிறுத்துங்கள்.

இலை முழுவதும் செம்பழுப்பாகிறது, கிழங்கு மட்டும் கெட்டி

வசந்தத்தில் நுனியிலிருந்து தொடங்கி நாலைந்து நாளில் விசிறியே கருகினாற்போல ஆகிவிடும். தோண்டிப் பார்த்தால் வேர்கள் செத்து உள்ளீடற்றுக் கிடக்கும். இதை அழுகல் என்று நினைத்துக் கிழங்கைச் சுரண்ட வேண்டாம். எடுத்து, செத்த வேரையும் இலையையும் நீக்கி, வெயிலில் ஒன்றிரண்டு வாரம் காயப்போட்டு மறுபடி நட்டால் பல கிழங்குகள் புது வேர் விடும்.

இலையில் மஞ்சள் வளையமிட்ட பழுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் இலைப்புள்ளிப் பூஞ்சை. ஈரமான கோடையில் வரும், கிழங்கைக் கொல்லாது. புள்ளி விழுந்த பகுதியை வெட்டிவிடுங்கள்; இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

பூந்தண்டு சாய்கிறது

புதிதாக நட்ட ஒற்றைக் கிழங்கு பெரிய தண்டைத் தாங்காது. ஒரு குச்சி நட்டுக் கட்டினால் தீர்ந்தது. பழைய கொத்தில் சாய்ந்தால் தழைச்சத்து மிகுதி, நிழல், அல்லது அடியில் அழுகல். அடித்தண்டை அழுத்திப் பாருங்கள்.

பூத்தது, பிறகு செடியே செத்துவிட்டது

பக்கக் கிழங்கு ஒன்றுகூட விடாமல் பூத்துத் தீர்ந்துவிட்டது. சில ரகங்களுக்கு இந்தச் சுபாவம் உண்டு. பூந்தண்டு ஏறும்போதே அடியில் பக்க முளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்டைச் சீக்கிரமே வெட்டிவிட்டால் சில நேரம் முளை கிளம்பும். அரிய ரகமென்றால் பூவைத் தியாகம் செய்வது தகும்.

மஞ்சள் நட்டேன், ஊதாவாகப் பூக்கிறது

கிழங்கு நிறம் மாறாது. கொத்தில் எப்போதோ கலந்திருந்த வீரியமான ரகம் மற்றதை நெருக்கிவிட்டது, அல்லது விதை உதிர்ந்து நாற்று முளைத்திருக்கிறது. பூக்கும்போதே வேண்டாததில் நூல் கட்டி அடையாளம் வைத்து, ஜூலையில் அதை மட்டும் எடுங்கள். காயாகுமுன் வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் நாற்று வராது.

கிழங்கு அக்டோபரில்தான் கைக்கு வந்தது

தரையில் நட வேண்டாம். அடித்துளையுள்ள 20 செ.மீ. தொட்டியில், பாதி சாதாரணத் தொட்டிமண்ணும் பாதி பருமணலுமாக நிரப்பி நட்டு, ஒரு முறை தண்ணீர் விடுங்கள். சூடேற்றாத கொட்டகையிலோ, தொட்டியின் விளிம்பு வரை மண்ணில் புதைத்து மேலே ஊசியிலைக் கிளை போட்டோ குளிர்காலத்தைக் கழிக்கலாம். கொட்டகையில் வைத்தால் மண் முற்றிலும் காயும்போது மட்டும் ஒரு குவளைத் தண்ணீர். வீட்டுக்குள் சன்னலோரம் வேண்டாம், கதகதப்பில் மெலிந்த இலை விட்டு வீணாகும். ஏப்ரலில் மண் இளகியதும் தொட்டிமண் உடையாமல் அப்படியே எடுத்துப் பாத்தியில் வைத்து, முதுகு தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.